எலுமிச்சை மரத்துக்கு வரும் மஞ்சள் நோய்



சில வாரங்களுக்கு முன் ஒரு திங்கட்கிழமை காலை. டிஸ்பென்சரியில் நல்ல கூட்டம். வரிசையில் கடைசியாக ஒரு பாட்டி, கையில் ஒரு பிளாஸ்டிக் பையோடு நின்றுகொண்டிருந்தார். அவர் முறை வந்ததும், "என்னா பாட்டி, காய்ச்சலா?" என்று கேட்டேன். "எனக்கு ஒன்னும் இல்லீங்க ஐயா, மரத்துக்குத்தான் சொகமில்ல" என்று சொல்லி, பையிலிருந்து ஓர் எலுமிச்சைக் கிளையை எடுத்து என் மேசைமேல் வைத்தார். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். நான் சிரிக்கவில்லை. அதற்குக் காரணம் உண்டு, பிறகு சொல்கிறேன்.

அந்த மரம் அவர் வீட்டுக்காரர் உயிரோடு இருந்தபோது லயத்துக்குப் பின்னால் நட்டது. வெள்ளிக்கிழமை அம்மன் கோயிலுக்கு விளக்குப் போட அந்த மரத்துப் பழம்தான். மீதியை அக்கம்பக்கத்தில் விற்று வெற்றிலை பாக்குச் செலவைப் பார்த்துக்கொள்வார். ஒரு வருஷமாக மரம் மஞ்சளடித்துக் கிடக்கிறது. மாட்டுச் சாணம் போட்டார், சாம்பல் போட்டார், மருமகனிடம் சொல்லி யூரியா வாங்கிப் போட்டார், திருஷ்டிக்குப் பழைய செருப்பும் கட்டினார். ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் மருந்தடிக்கும் வேலையில் இருக்கும் அந்த மருமகனே, "தோட்டத்து மருந்துல கொஞ்சம் மிச்சம் இருக்கும் அத்தே, கொண்டாந்து அடிச்சிடறேன்" என்றிருக்கிறார். அதற்கு முன்னால் டிரசரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று பாட்டி வந்தது அவருடைய நல்ல புத்தி.

மரத்து நோய்க்குச் சுகாதாரப் பக்கத்தில் என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். கடைசிவரை படித்துவிட்டுக் கேளுங்கள்.

எலுமிச்சை, ஆரஞ்சு, லீமாவ் கஸ்தூரி, லீமாவ் பூருட், பம்ப்ளிமாஸ் எல்லாம் ஒரே குடும்பத்து மரங்கள். இந்தக் குடும்பத்தையே அழிக்கக்கூடிய நோய் ஒன்று உலகின் பல பகுதிகளில் பரவியிருக்கிறது. 'கிரீனிங்' என்று ஒரு பெயர். சீனத்தில் 'ஹுவாங்லோங்பிங்' என்பார்கள்; மஞ்சள் தளிர் நோய் என்று பொருள். விவசாய இலாகா அதிகாரிகள் சுருக்கமாக எச்.எல்.பி. என்பார்கள். வெகுகாலம்வரை இதை மண்ணின் கோளாறு, உரக் குறைவு, வேரில் தண்ணீர் தேங்கியது என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். நம் பாட்டி நினைத்ததில் தப்பே இல்லை. 1956ல்தான் லின் கோங்சியாங் என்ற சீன விஞ்ஞானி, நோயுற்ற மரத்தின் கிளையை நல்ல மரத்தில் ஒட்டுப்போட்டால் நோயும் கூடவே போகிறது என்று நிரூபித்தார். மண்ணால் வருவதானால் ஒட்டில் தொற்றுமா? பிறகு 1970ல் பிரெஞ்சு விஞ்ஞானிகள் எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் வைத்து மரத்துக்குள் கிருமி இருப்பதைப் பார்த்தார்கள். அது ஒருவகை பாக்டீரியா.

அந்தக் கிருமி மரத்துக்குள் என்ன செய்கிறது? பால் வெட்டிப் பழகியவர்களுக்குப் பட்டையைப் பற்றி நான் பாடம் நடத்த வேண்டியதில்லை. கத்தி ஆழமாகப் போனால் மரம் காயப்படும் என்பது உங்களுக்குத் தெரியும். பட்டையின் உட்புறத்தில்தான் மரத்தின் சாப்பாடு ஓடுகிறது. இலை வெயிலில் சர்க்கரை தயாரிக்கும். அது பட்டையின் உள்ளே இருக்கும் மெல்லிய குழாய்கள் வழியாக வேருக்கும் காய்க்கும் போய்ச் சேரும். இந்தக் கிருமி அந்தக் குழாய்களுக்குள்ளேயே குடியிருக்கிறது. குழாய்கள் அடைத்துக்கொள்கின்றன. இலையில் மாவு தேங்கி நிற்கும், வேரோ பட்டினி கிடக்கும். வேர் செத்தபிறகு மேலே எத்தனை மூட்டை உரம் கொட்டினாலும் அதை இழுத்துக்கொள்ள ஆள் இல்லை.

கிருமி தானாக ஒரு மரத்திலிருந்து இன்னொரு மரத்துக்கு நடந்து போகாது. மலேரியாவைக் கொசு சுமப்பதுபோல இதைச் சுமக்க ஒரு பூச்சி இருக்கிறது. சில்லிட் என்று பெயர், செடிப்பேன் வகையைச் சேர்ந்தது. 3 அல்லது 4 மில்லிமீட்டர்தான், ஓர் எள்ளைவிடக் கொஞ்சம் பெரிசு. பழுப்பு நிறத்தில் புள்ளி விழுந்த இறக்கை. உட்காருகிற தினுசை வைத்தே கண்டுபிடித்துவிடலாம்: தலையை இலையோடு ஒட்டித் தாழ்த்தி, பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு, ஒரு சின்ன முள் குத்தி நிற்பதுபோல் இருக்கும். தொட்டால் தாவிப் பறந்துவிடும். பெண் பூச்சி புதுத் துளிரில்தான் முட்டையிடும், முற்றிய இலையில் இடாது. ஒரு பூச்சி தன் ஆயுளில் சில நூறு முட்டைகள் இடும். நம் ஊர் வெயிலுக்கு முட்டையிலிருந்து இறக்கை முளைக்க இரண்டு மூன்று வாரம் போதும். குஞ்சுகள் தட்டையாக, மஞ்சளும் ஆரஞ்சும் கலந்த நிறத்தில் துளிரில் அப்பிக்கொண்டிருக்கும். அவை கழிக்கும் மெழுகு, வெள்ளை நூல் சுருண்டு தொங்குவதுபோல் தெரியும். இனிப்பான நீரையும் விடுவதால் எறும்பு ஏறும், இலையில் கரி பூசினாற்போல் பூஞ்சணம் படியும். மழைக்குப்பின் மரம் துளிர் விடும்போது நுனிகளைத் திருப்பிப் பாருங்கள். எறும்பு வரிசையாக ஏறுகிறதென்றால் கட்டாயம் பாருங்கள்.

குஞ்சாக இருக்கும்போதே நோயுள்ள மரத்தின் சாற்றைக் குடித்த பூச்சி, வளர்ந்து பறந்தபின் சாகும்வரை கிருமியைப் பரப்பிக்கொண்டிருக்கும். அடுத்த லயத்து மரம் அதற்கு ஒரு தூரமே இல்லை. கிருமி ஏறிய மரம் உடனே காட்டிக்கொடுக்காது. மாதக்கணக்கில், சில சமயம் வருஷக்கணக்கில் பச்சையாகவே நிற்கும்.

இங்கே தாய்மார்கள் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. இந்தப் பூச்சிக்கு எலுமிச்சை மட்டுமல்ல, கறிவேப்பிலையும் பிடிக்கும். கறிவேப்பிலையும் அதே குடும்பத்துச் செடிதான். கோயில் வாசலிலும் வேலி ஓரத்திலும் வெள்ளைப் பூப்பூத்து மணக்கும் கெமுனிங் செடியென்றால் அதற்குக் கொள்ளை ஆசை. கறிவேப்பிலை மரம் இந்த நோயால் சாவதில்லை, கிருமி அதற்குள் வளர்வதாகவும் தெரியவில்லை. ஆனால் பூச்சி அங்கே குஞ்சு பொரித்துப் பெருகி, பக்கத்து எலுமிச்சைக்குப் போகும். கறிவேப்பிலை இல்லாத தமிழன் வீடு தோட்டத்தில் எங்கே இருக்கிறது? அதற்காகக் கறிவேப்பிலையை வெட்டச் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். அப்படிச் சொன்னால் என் வீட்டிலேயே எனக்குச் சோறு கிடைக்காது.

சரி, மஞ்சளானதெல்லாம் இந்த நோயா? இல்லை. உரம் பற்றாமலும் மஞ்சளாகும். வித்தியாசத்தைக் கண்டுபிடிக்க நான் சொல்லும் வழி இது. இலையை ஒரு முகமாக நினைத்துக்கொள்ளுங்கள், நடு நரம்புதான் மூக்கு. வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். இரண்டு கன்னமும் ஒரே மாதிரி வெளுத்திருந்தால் அது பெரும்பாலும் பசி. உரம் போட்டால் தேறும். இடது கன்னத்தில் ஒரு திட்டு, வலது கன்னத்தில் வேறொரு திட்டு, ஒன்றுக்கொன்று பொருந்தாமல் மஞ்சளும் பச்சையும் குழம்பிக் கிடந்தால் சந்தேகப்படுங்கள். மரம் முழுக்க ஒரே நேரத்தில் மஞ்சளாகாமல் ஒரு கிளை மட்டும் முதலில் மஞ்சளாவதும் இந்த நோயின் வழக்கம். பிறகு இலை சிறுக்கும், காது மாதிரி நிமிர்ந்து நிற்கும், நுனிக் கொம்புகள் காயும். பழம் சின்னதாகி ஒருபக்கம் கோணும். நறுக்கினால் உள்ளே விதை சூம்பிக் கறுத்திருக்கும். ஆரஞ்சு வகையில் பழத்தின் அடிப்பாகம் பழுக்காமல் பச்சையாகவே நின்றுவிடும், கிரீனிங் என்ற பெயரே அதனால்தான். எலுமிச்சையை நாம் பச்சையாகவே பறிப்பதால் அந்த அடையாளம் நமக்கு உதவாது. இன்னொன்று, எலுமிச்சை வகைகள் ஆரஞ்சைவிடக் கொஞ்சம் தாக்குப் பிடிக்கும். தாக்குப் பிடிக்கிறதே என்று விட்டுவைத்தால் அந்த மரம் மற்ற மரங்களுக்கு நோய் விநியோகம் செய்துகொண்டிருக்கும்.

எங்கள் டிஸ்பென்சரி சாமானை வைத்தே ஒரு சோதனை செய்யலாம். மாவில் அயோடின் பட்டால் கறுநீலமாகும் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். நோயுள்ள இலையில் மாவு தேங்கியிருக்கிறது அல்லவா? அதிகாலையில் ஒரு முற்றிய இலையைப் பறித்து, மெல்லிய உப்புத்தாளால் இருபது தடவை தேய்க்க வேண்டும். அந்த உப்புத்தாளை ஒரு சின்ன பிளாஸ்டிக் பையில் கொஞ்சம் தண்ணீரில் போட்டு அலசி, இரண்டு சொட்டு அயோடின் விட வேண்டும். ஜப்பானின் ஒக்கினாவா தீவில் இதைத் தோட்டத்திலேயே வைத்துச் செய்து பார்க்கிறார்கள். பாட்டி கொண்டுவந்த இலைக்கும், என் குவார்ட்டர்ஸ் மரத்து நல்ல இலைக்கும் செய்து பார்த்தேன். என் இலைத் தண்ணீர் தேநீர் நிறத்தில் நின்றது. பாட்டியின் தண்ணீர் பேனா மை மாதிரி கறுத்துவிட்டது. பாட்டி ஒன்றும் பேசவில்லை. இரண்டு சொட்டு அயோடினை எந்தக் கணக்கில் எழுதுவது என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

இந்தச் சோதனை சந்தேகத்தைப் பலப்படுத்தும், அவ்வளவுதான். கிளை ஒடிந்து பட்டை காயப்பட்டாலும் இலையில் மாவு தேங்கும். நிச்சயமாகத் தெரிய வேண்டுமானால் விவசாய இலாகாவில் விசாரியுங்கள். இலையைப் பரிசோதனைக்கூடத்தில் வைத்துப் பார்த்துத்தான் கிருமியை உறுதி செய்ய முடியும்.

இனி மருந்து. இந்த நோயை முழுதாகக் குணப்படுத்தும் மருந்து கிடையாது. இதைச் சொன்னதும் அங்கே இருந்த ஒரு பெரியவர், "பாக்டீரியான்னு சொல்றீங்க, அப்ப அந்தச் செகப்பும் மஞ்சளுமா இருக்கற கேப்சூல ஒடச்சி வேருல ஊத்துனா என்னா?" என்று கேட்டார். கேள்வி கெட்டிக்காரத்தனமான கேள்விதான். 1970களில் பல நாடுகளில் டெட்ராசைக்ளினை மரத்தண்டில் ஊசியாக ஏற்றிப் பார்த்தார்கள். அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் 2022ல் அதே வகை மருந்தைத் தண்டில் ஏற்ற அனுமதி கொடுத்தார்கள். கிருமி கொஞ்சம் அடங்கும், மரம் கொஞ்சம் தெளியும், மறுபடி தலைதூக்கும். திரும்பத் திரும்ப ஏற்ற வேண்டும். வேரில் ஊற்றினால் மண்ணுக்குத்தான் போகும். மனிதனுக்குள்ள மருந்தை இப்படிக் கொட்டினால் நாளைக்குக் கிருமிகள் அந்த மருந்துக்குப் பழகிக்கொள்ளும். உங்கள் பிள்ளைக்கு நிஜமாகவே அது தேவைப்படும்போது வேலை செய்யாது. ஆகவே கேப்சூல் கேட்டு என்னிடம் வராதீர்கள், தர மாட்டேன்.

பணமும் விஞ்ஞானமும் நிறைந்த ஃபுளோரிடாவிலேயே கதை அதுதான். அங்கே 2005ல் நோய் கண்டுபிடிக்கப்பட்டது. 2003-04 பருவத்தில் 24 கோடிப் பெட்டி ஆரஞ்சு விளைந்த இடம் அது. 2024-25ல் கிடைத்தது சுமார் 1.2 கோடிப் பெட்டி. இடையில் புயல்களும் அடித்தன என்றாலும் முதல் காரணம் இந்த நோய்தான். நம் நாட்டிலும் திரங்கானுவில் லீமாவ் மாடு பயிரிட்டவர்கள் இதனால் நட்டப்பட்டார்கள்.

இப்போது நான் சிரிக்காததற்குக் காரணத்தைச் சொல்கிறேன். ஏறக்குறைய 15 வருஷத்துக்கு முன்பு வேறொரு தோட்டத்தில் வேலையில் இருந்தேன். ஒருநாள் சாயந்திரம் ஒரு தாயையும் ஐந்து வயதுப் பிள்ளையையும் தூக்கிக்கொண்டு வந்தார்கள். வாயில் எச்சில் ஒழுகுகிறது, உடம்பெல்லாம் வேர்வை, வாந்தி, பேதி. கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்தேன். பாப்பா ஊசிமுனை மாதிரிச் சுருங்கியிருந்தது. பிள்ளையின் கன்னத்துச் சதை தானாகத் துடித்தது. பார்த்ததும் பூச்சிமருந்து விஷம் என்று தெரிந்துவிட்டது. குடித்தாயா என்று கேட்டால் இல்லை என்று தலையாட்டுகிறார் அந்தப் பெண். கையிலிருந்த அட்ரோபினைப் போட்டு அரசாங்க ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டு வீட்டுக்குப் போய் விசாரித்தேன். கறிவேப்பிலைத் துளிரில் பூச்சி விழுந்திருக்கிறது என்று வீட்டுக்காரர் இரண்டு நாளைக்கு முன் மருந்தடித்திருக்கிறார். செம்பனையில் பைப்புழுவைக் கொல்லத் தண்டில் துளைபோட்டு ஏற்றுவார்களே, அந்த மருந்து. எந்த ஸ்டோரிலிருந்து எப்படி வெளியே வந்தது என்பதைக் கேட்காதீர்கள். அந்த மரத்து இலையைக் கழுவித்தான் ரசத்துக்குப் போட்டிருக்கிறார் அந்தத் தாய். கழுவி என்ன பயன்? அந்த ரக மருந்து இலையின் மேலே நிற்பதல்ல, உள்ளே இறங்கிவிடுவது. கொதிக்க வைத்தாலும் முழுதும் போய்விடாது. இருவரும் பிழைத்தார்கள். பிள்ளை வீடு திரும்பப் பதினொரு நாள் ஆயிற்று. அந்தத் தகப்பன் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்தது இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

ஆகவே தோட்டத்து மருந்தை வீட்டுக்குக் கொண்டு வராதீர்கள். மிச்சம் ஒரு மூடி அளவு இருந்தாலும் வேண்டாம். தண்ணீர் போத்தலிலோ சிரப் போத்தலிலோ ஊற்றி வைப்பதும் வேண்டாம். களைக்கொல்லியை மரத்துக்கு அடித்தால் பூச்சி சாகாது, மரம்தான் சாகும். லேபிளில் எந்தப் பயிருக்கு என்று எழுதியிருக்கிறதோ அதற்கு மட்டும்தான் மருந்தைப் பயன்படுத்த வேண்டும். 1974ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டம் இருப்பது அதற்காகத்தான். யாருக்காவது மேலே சொன்ன குறிகள் கண்டால் சட்டையைக் கழற்றி, சோப்புப் போட்டு உடம்பைக் கழுவி, உடனே டிஸ்பென்சரிக்குத் தூக்கி வாருங்கள் அல்லது 999க்கு அடியுங்கள். வாந்தி எடுக்க வைக்காதீர்கள். மருந்துப் போத்தலையும் லேபிளோடு கொண்டு வாருங்கள். திட்டுவார்கள் என்று மறைத்தால் டாக்டர் இருட்டில் தேட வேண்டியிருக்கும்.

மருந்தும் கூடாது, குணமும் ஆகாது என்றால் என்னதான் செய்வது? நோய் உறுதியான மரத்தை எடுத்துவிட வேண்டியதுதான். அதிலும் ஒரு முறை இருக்கிறது. பூச்சியோடு சேர்த்து மரத்தை ஆட்டி வெட்டினால் பூச்சியெல்லாம் பக்கத்து வீட்டுக்குக் குடிபோகும். முதலில் துளிர்களிலெல்லாம் சோப்புத் தண்ணீர் அடித்து, பிறகு வெட்டுங்கள். ஒரு லிட்டர் தண்ணீருக்குப் பாத்திரம் கழுவும் திரவ சோப்பு இரண்டு தேக்கரண்டி போதும். அடிக்கட்டையை விடாமல் தோண்டி எடுங்கள். விட்டால் அது மறுபடி துளிர்க்கும், அந்தத் துளிரிலும் கிருமி இருக்கும், பூச்சி முதலில் வந்து உட்காருவதும் அதில்தான். வெட்டிய கிளை காய்ந்துவிட்டால் அதனால் ஆபத்து இல்லை. திறந்த வெளியில் கொளுத்தித் தொல்லையில் மாட்டிக்கொள்ளாதீர்கள். நோய் மரத்துப் பழத்தைத் தின்றதால் மனிதருக்கு எதுவும் வராது. சாறு குறைவாக, கசப்பாக இருக்கும், அவ்வளவே.

புதுக் கன்று வாங்கும்போது பாசார் மாலாமில் மலிவாகக் கிடைக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு வாங்காதீர்கள். பக்கத்து வீட்டு மரம் நன்றாகக் காய்க்கிறது என்று அதிலிருந்து பதியம் போடுவதும் இந்த விஷயத்தில் ஆபத்துதான், பச்சையாக நிற்கும் மரத்துக்குள்ளும் கிருமி ஒளிந்திருக்கலாம். எங்கே சுத்தமான கன்று கிடைக்கும் என்று விவசாய இலாகாவில் கேட்டு வாங்குங்கள். உறவுக்காரர் வீட்டிலிருந்து கறிவேப்பிலைக் கன்று கொண்டுவந்தாலும் துளிரைத் திருப்பிப் பார்த்துவிட்டு நடுங்கள், முட்டையும் கூடவே பஸ் ஏறி வந்திருக்கும்.

நட்டபிறகு துளிர் விடும் சமயமெல்லாம் வாரம் ஒருமுறை பாருங்கள். குஞ்சு தெரிந்தால் அந்த நுனியை ஒடித்துச் சோப்புத் தண்ணீரில் முக்கிவிடுங்கள். கறிவேப்பிலைக்கும் இதே வைத்தியம்தான். நிறைய இருந்தால் அதே அளவு சோப்புத் தண்ணீரை வெயில் தாழ்ந்தபின் இலையின் அடிப்புறமும் படும்படி அடியுங்கள். முதலில் ஒரு கிளையில் அடித்து, இலை கருகவில்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள். பூச்சிமேல் பட்டால்தான் சாகும், முட்டை தப்பித்துவிடும்; அதனால் ஒரு வாரம் விட்டு மறுபடி. எறும்பு ஏறாமல் பார்ப்பதும் அவசியம். எறும்பு அந்த இனிப்புக்காகக் குஞ்சுகளைக் காவல் காக்கும், அவற்றைத் தின்ன வரும் பொறிவண்டையும் சின்னக் குளவியையும் விரட்டும். அந்தக் குளவி கொசுவைவிடச் சிறியது, சில்லிட் குஞ்சின்மேல் முட்டையிட்டு அதைக் கொல்லும். 1978ல் ரீயூனியன் தீவில் இந்தியாவிலிருந்து அந்தக் குளவியைக் கொண்டுபோய் விட்டு நல்ல பலன் கண்டார்கள். கண்ட மருந்தை அடித்தால் முதலில் சாவது இந்தக் குளவிதான். வியட்நாமில் மெக்கோங் ஆற்றுப் பக்கத்து விவசாயிகள் கொய்யாவுக்கு இடையில் எலுமிச்சைக் குடும்பத்து மரங்களை நடுகிறார்கள், கொய்யா வாடைக்குப் பூச்சி குறைவாக வருகிறதாம். மற்ற நாடுகளில் செய்து பார்த்ததில் அவ்வளவு பலன் தெரியவில்லை. இருந்தாலும் கொய்யாப்பழமாவது மிஞ்சும்.

ஒரு வீட்டில் மட்டும் இதையெல்லாம் செய்து பிரயோஜனம் குறைவு. ஒரு லயத்தில் பத்து வீடு என்றால் பத்து வீட்டு மரத்தையும் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் சேர்ந்து பாருங்கள்.

பாட்டியின் மரத்தை மருமகனே வெட்டினார். அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை, இருந்த பழங்களைப் பறித்துக் கோயிலுக்குக் கொடுத்துவிட்டார் பாட்டி. வேரைத் தோண்டும்போது நானும் போய் நின்றேன். அவ்வளவு பெரிய மரத்துக்குச் சல்லிவேரே மிஞ்சவில்லை. அதைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "நான் போட்ட எருவெல்லாம் யாரு தின்னது?" என்று கேட்டார் பாட்டி. பக்கத்து வீடுகளில் நான்கு மரம் பார்த்தோம். மூன்று நன்றாக இருக்கிறது, ஒன்றின் இலையை இலாகாவுக்கு அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.

எங்கள் தோட்டத்துக்காரர்கள் இலை கொண்டு வருவதானால் காலை நோயாளிகள் கூட்டம் முடிந்து, 10 மணிக்கு மேல் வாருங்கள். உப்புத்தாளை நீங்களே கொண்டு வந்துவிடுங்கள்.